விருப்பமும் அசைவும்

காலையில் எழும்ப வேண்டும் என்ற விருப்பத்திற்கும், எழுந்து நடக்கும் கால்களுக்கும் மூளையிலுள்ள ஒரே இரசாயனம் துணை நிற்கிறது. அதுவே டோபமைன்.

1957இல் சுவீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்சன், ரெசர்பின் என்னும் மருந்தால் அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு எல்-டோபாவை ஏற்றினார். அவை மீண்டும் அசைந்தன. எல்-டோபா மூளையில் டோபமைனாக மாறியதே காரணம். இவ்வாய்வுகளுக்காக 2000ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பார்க்கின்சன் நோயில் டோபமைனைச் சுரக்கும் மூளைக் கலங்கள் அழிகின்றன. அதனால் கை நடுங்கும், நடை தளரும், சிலருக்கு எதிலும் ஆர்வம் குன்றும். இன்றும் எல்-டோபாவே அதற்கு முக்கிய மருந்து.

உணவு, பாராட்டு, பரீட்சை வெற்றி ஆகியவை டோபமைனை அளவோடு தூண்டி, “மீண்டும் முயற்சி செய்” எனக் கற்பிக்கின்றன. ‘ஐஸ்’ எனப்படும் மெதம்பெட்டமைனோ அதை வெள்ளமாகத் திறந்துவிடுகிறது. தொடர்ந்து பாவித்தால், டோபமைனை ஏற்கும் வாங்கிகள் மூளையில் குறைகின்றன. பிறகு சிறிய மகிழ்ச்சிகள் சுவைப்பதில்லை. இன்பம் தேய்ந்த பின்னும் வேட்கை மட்டும் எஞ்சுகிறது.

“மனம் வைத்தால் விடலாமே” என்கிறோம். மனம் வைக்க உதவும் இடமே அங்கு காயப்பட்டிருக்கிறது. எனவே பெற்றோரே, பிள்ளை சிக்கிக்கொண்டால் ஊருக்குப் பயந்து மறைக்காதீர்கள். ஏசுவதோடு நின்றுவிடாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாதங்கள் செல்லலாம், ஆயினும் மூளை பெருமளவு தேறக்கூடியது.

சகோதரிகளே, போதையை மார்க்கம் முதல் துளியிலேயே தடுத்திருக்கிறது. “வேண்டாம்” என்று சொல்வது மிக இலகுவாக இருப்பதும் அந்த முதல் தடவையில்தான்.