தரிசு மேட்டில் ஆவாரை வளர்ப்பு

மழை தவறிய வருஷத்திலும் பொன்னிறமாய்ப் பூத்து நிற்கும் செடி ஆவாரை. செம்மண் மேட்டிலும், சரளைக் கரட்டிலும், வறண்ட காட்டோரங்களிலும் அது தானே விளைகின்றது. தானே விளைவதாலேயே அதனைப் பேணுவோர் அரியர். தழை வேண்டுவோர் வேரோடு பிடுங்கிச் செல்ல, மேட்டு மண் மழையில் கரைந்து ஏரிக்குள் இறங்குகின்றது. தைப்பொங்கலுக்குக் காப்புக் கட்டவும் பூவின்றி அயலூர் செல்வோர் உண்டு.

முன்னாளில் இதன் பட்டை பெரும் வியாபாரச் சரக்காயிருந்தது. சென்னை மாகாணத்துத் தோல்கிடங்குகள் அதனைக் கொண்டு பதனிட்ட தோலைச் சீமைக்கு அனுப்பின. பின்னர் தென்னாப்பிரிக்காவின் வாட்டில் பட்டையும் குரோமிய உப்பும் அதன் இடத்தைப் பற்றிக்கொண்டன. இக்காலத்தில் நாட்டு மருந்துக் கடைக்குச் செல்லும் உலர்ந்த பூவும், வயலுக்கு மிதிக்கும் தழையுமே குடியானவருக்கு ஆதாயம்.

விதையின் தோல் கடினமானது. நீர் எளிதில் உட்புகாது. நெற்றிலிருந்து எடுத்த விதையை அப்படியே தூவிவிட்டு முளைக்கவில்லை என்று வருந்துதல் வீண். கொதித்து இறக்கிய நீரில் விதையை இட்டு, ஆறியபின் ஓரிரவு ஊறவிட வேண்டும். உப்பியவற்றை விதைத்து, உப்பாதவற்றை மறுபடியும் அவ்வாறே செய்க. ஆணிவேர் ஆழ இறங்குமாதலால் நாற்றுப் பிடுங்கி நடுதல் உசிதமன்று. ஐப்பசி மழையில் மண் நனைந்ததும், 3 அடிக்கு ஒரு குழியாக, குழிக்கு இரண்டு மூன்று விதையை அரை அங்குல ஆழத்தில் ஊன்றலாம். முதல் வருஷம் களையெடுத்து, ஆடுமாடு மிதியாமற் காத்தல் அவசியம். வேர் பிடித்தபின் நீர் பாய்ச்ச வேண்டுவதில்லை.

அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், கொழிஞ்சியைப்போல் இதன் வேரில் தழைச்சத்தைச் சேர்க்கும் முடிச்சுகள் உண்டாவதில்லை. ஆகவே செடி நிற்பதனால் மட்டுமே நிலம் உரமேறும் என்று எண்ணலாகாது. தழையை வெட்டி நஞ்சையில் மிதித்தாலே பயன்.

வெட்டுவதிலேதான் தகராறு விளைகின்றது. தரையினின்று ஒரு சாண் விட்டுக் கூரிய அரிவாளால் அறுத்தால், அடுத்த மழைக்குக் கட்டை துளிர்க்கும். எல்லோரும் எங்கும் அறுத்தால் பூவுமில்லை, விதையுமில்லை. புறம்போக்காயின் முறைப்படி அனுமதி பெற்று, மேட்டை மூன்று பாகமாக்கி, வருஷம் ஒரு பாகத்தையே அறுப்பதென்று சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் தீர்மானித்து, அங்கத்தினர் பங்கை நடவுக்கு முன்பே எழுதி வைத்தல் நலம். அறுக்கும் பாகத்திலும் ஓரத்துச் செடிகளை விதைக்கென விட்டுவைக்க வேண்டும்.