தோட்டத்து ஆங்கிலம்



நம் பிள்ளைகள் பள்ளியில் கற்கும் ஆங்கிலம் வேறு. நுவரெலியா, அட்டன் பகுதித் தோட்டங்களின் பழைய கணக்குகளிலும் சட்டங்களிலும் காணும் ஆங்கிலம் வேறு. அவற்றிலிருந்து ஐந்து சொற்களை இன்று படிப்போம்.

1. லைன்: வரிசை என்பது பொதுப் பொருள். படைவீரர் தங்கும் குடில் வரிசைகளை 'லைன்ஸ்' என்பது இராணுவ வழக்கு. தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கும் அதே பெயர் வந்தது. நம் வாயில் அது 'லயம்' ஆயிற்று.

2. பரேட்: படை அணிவகுப்பு. காலையில் ஆட்களைக் கூட்டி, பெயர் பதிந்து, வேலை பிரிக்கும் 'பெரட்டு' இதிலிருந்து வந்ததே.

3. கிரீப்பர்: அகராதியில் படர்கொடி. இலங்கைத் துரைமார் பேச்சில், தோட்ட நிர்வாகம் பழக வந்த இளைஞர். அவர் தேறினால் 'எஸ்.டி.', பிறகு 'பி.டி.' இவை ஆங்கிலச் சுருக்கமென எண்ணாதீர்கள். சின்னதுரை, பெரியதுரை என்பவற்றின் முதலெழுத்துகளே!

4. துண்டு: நம் சொல்லே ஆங்கிலத்துக்குப் போனது. இன்ன தொகைக் கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக் கொடுத்த சீட்டு அது. ஆள் தோட்டம் மாறினாலும் கடன் கூடவே போயிற்று. 1921ஆம் ஆண்டுச் சட்டம் இம்முறையை ஒழித்தது.

5. கூலி: தமிழில் உழைப்புக்குக் கிடைக்கும் ஊதியம். துரைமார் ஆங்கிலத்திலோ உழைக்கும் ஆளே கூலி! 1889ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்திலும் நம்மவருக்கு இப்பெயர்தான். இன்றைய ஆங்கிலத்தில் இது இழிசொல்.

பெற்றோரே, பழைய பத்திரத்தில் உங்கள் பாட்டனாரின் தொழிலை இச்சொல்லால் எழுதியிருந்தால் வெட்கப்பட வேண்டாம். அதை அடிக்கவோ திருத்தவோ வேண்டாம். திருத்திய பத்திரம் சாட்சிக்கு உதவாது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை கேட்டவர்கள், இந்நாட்டில் தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. பழைய தாளின் பெறுமதியை நம் குடும்பங்கள் அன்றே அறிந்தன.

ஆனால் இன்று நிரப்பும் படிவத்தில் அச்சொல்லை எழுதாதீர்கள். பிறர் எழுதவும் விடாதீர்கள். 'எஸ்டேட் ஒர்க்கர்', தமிழில் 'தோட்டத் தொழிலாளர்' என்றே எழுதுங்கள். கூலி நம் கைக்கு வருவது. நம் பெயர் அல்ல.

பிள்ளைகளுக்குப் பயிற்சி: 'கண்டக்டர்', 'செக்ரோல்' என்னும் சொற்களுக்கு அகராதிப் பொருள் என்ன, தோட்டத்துப் பொருள் என்ன? தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள்.