கைதூக்கிய மன்றம் கைமாற்றிய ஆட்சி

கேள்வி: 1989-ல் வாக்லாவ் ஹாவெலை செக்கோஸ்லோவாக்கியாவின் அதிபராக்கியது கம்யூனிஸ்டுகள் நிறைந்த நாடாளுமன்றம்தான் என்கிறார்களே, அது எப்படி நடந்தது?

பதில்: அதிபரை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும் வழக்கம் கம்யூனிஸ்டுகளுக்கு மூத்தது. 1918-ல் நாட்டின் முதல் அதிபரான மசாரிக் அப்படித்தான் பதவிக்கு வந்தார். 1920 அரசியல் சட்டமும் அதை ஏற்றது. 1948 பிப்ரவரியில் ஆட்சியைப் பிடித்த கட்சி அந்த விதியை நீக்கவில்லை. ஆளைக் கட்சி முடிவுசெய்யும், உறுப்பினர்கள் கை தூக்குவார்கள். உயிரற்றுக் கிடந்த அந்த விதிதான் நாற்பத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு எதிர்த்தரப்புக்குக் கைகொடுத்தது. நவம்பர் 17-ல் மாணவர் ஊர்வலத்தைப் போலீஸ் அடித்துக் கலைத்தது. பத்தாம் நாள் நாடு முழுவதும் வேலைநிறுத்தம். 29-ம் தேதி, கட்சியே நாட்டை வழிநடத்தும் என்ற அரசியல் சட்டத்தின் 4-வது பிரிவை நாடாளுமன்றம் நீக்கியது. டிசம்பர் 10-ல், கம்யூனிஸ்டுகள் சிறுபான்மையான அமைச்சரவைக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்துவிட்டு அதிபர் ஹுசாக் விலகினார். உடனே, அடுத்த அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்றது கட்சி. கேட்பதற்கு நியாயமான கோரிக்கை. ஆனால் எதிர்த்தரப்பின் வேட்பாளரான நாடக ஆசிரியர் ஹாவெலின் நாடகங்கள் இருபது ஆண்டுகளாக அந்நாட்டு மேடைகளில் தடைசெய்யப்பட்டிருந்தன. அந்த மே மாதம்தான் அவர் சிறையிலிருந்து வெளிவந்திருந்தார். அதனால் பொதுமக்கள் பலருக்கு அவரை அதிகம் தெரியாது. நேரடித் தேர்தலுக்குச் சட்டத்தைத் திருத்த வேண்டும். அதற்குள் பழைய ஆட்கள் மூச்சு வாங்கிக்கொள்வார்கள். அதனால் இருக்கிற சட்டப்படியே நடக்கட்டும் என்று எதிர்த்தரப்பு இயக்கமான குடிமக்கள் மன்றம் உறுதியாக நின்றது. கம்யூனிஸ்டான பிரதமர் சால்ஃபாவே உறுப்பினர்களை இணங்கவைத்தார். டிசம்பர் 29-ல், பிராக் கோட்டையின் விளாதிஸ்லாவ் மண்டபத்தில், ஒருவர்கூட எதிர்க்காமல் ஹாவெல் அதிபரானார்.

நேற்றுவரை கட்சிக்குத் தூக்கிய கை இன்று ஹாவெலுக்குத் தூக்கினால் அது சுதந்திர வாக்காகுமா என்று கேட்கலாம். ஆகாது, அதை மழுப்ப வேண்டியதில்லை. அந்த உறுப்பினர்களை அசைத்தது வீதியில் நின்ற மக்கள். அதே ஆண்டு ஜூலையில் போலந்து நாடாளுமன்றம் கம்யூனிஸ்ட் தலைவரான ஜெனரல் யாருசெல்ஸ்கியை மயிரிழையில் அதிபராக்கியது. ஆகவே நடைமுறை மட்டும் எந்த ஆட்சியையும் மாற்றிவிடாது. அப்படியானால் 4-வது பிரிவு போனபோதே ஒரு கட்சி ஆட்சி முடிந்துவிட்டதே, டிசம்பர் வாக்கு வெறும் சடங்குதானே என்பார்கள். இதை நான் ஏற்கமாட்டேன். படைகளின் தலைமை அதிபரிடம் இருந்தது. அந்த நாற்காலி சட்டப்படி கைமாறியதால், யார் ஆணைக்குக் கீழ்ப்படிவது என்ற குழப்பம் படைக்கும் அதிகாரிகளுக்கும் வரவில்லை. துப்பாக்கியைக் கையில் வைத்திருந்த ஓர் அரசு விலகும்போது இதைவிடப் பெரிய காப்பு வேறென்ன இருக்க முடியும்? அந்த வாக்கின் குறையும் நீண்டநாள் நீடிக்கவில்லை. 1990 ஜூனில் சுதந்திரமான தேர்தல் நடந்தது. ஜூலை 5-ல் மக்கள் அனுப்பிய புதிய நாடாளுமன்றம் ஹாவெலை மீண்டும் தேர்ந்தெடுத்தது.