மீன் பேனும் தொட்டிக் கணக்கும்

வண்ண மீன் பார்க்க அழகு. பல குடும்பங்களுக்கு அது சோறு போடும் தொழிலும்கூட. சென்னை கொளத்தூர்ப் பக்கம் பலர் சிமென்ட் தொட்டி கட்டி வண்ண மீன் வளர்க்கிறார்கள். மேற்கு வங்கத்தில் ஹவுரா மாவட்டத்திலும் பல குடும்பங்கள் இதைச் செய்கின்றன. கடன் வாங்கித் தொட்டி கட்டியவர்கள் உண்டு. மீன் செத்தால் கடன் மட்டும் நிற்கும்.

மீனைக் கொல்லும் எதிரிகளில் ஒன்று மீன் பேன்.

மீன் ஏன் உரசுகிறது?

கொளத்தூரில் ஒரு வீடு. வாசலில் ஒரு தொட்டி. அதில் முப்பது தங்கமீன்கள். ஒரு நாள் காலை வீட்டுக்காரி தீனி போட வந்தாள். மீன்கள் தீனிக்கு வரவில்லை. தொட்டிச் சுவரில் உடம்பை உரசின. திடீர் திடீரென்று துள்ளின.

"என்னங்க, இங்க வந்து பாருங்க. மீனெல்லாம் சுவத்துல உரசுது."

"தண்ணி மாத்தினா சரியாப் போயிடும்" என்றான் கணவன்.

அவள் ஒரு மீனை வலையில் எடுத்தாள். துடுப்பின் அடியில் பச்சை கலந்த ஒரு பொட்டு. உளுந்தம்பருப்பு அளவுதான். விரலால் தொட்டாள். பொட்டு நகர்ந்தது!

அதுதான் மீன் பேன். நம் தலையில் இருக்கும் பேனுக்கும் இதற்கும் உறவில்லை. இது இறால், நண்டு இனத்தைச் சேர்ந்தது. உடம்பு தட்டையாக இருக்கும். கண்ணாடி போல ஊடே தெரியும். 5 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும். இரண்டு உறிஞ்சிகளால் மீனைப் பிடித்துக்கொள்ளும். ஊசி போன்ற உறுப்பால் குத்தி இரத்தம் குடிக்கும். குத்திய இடம் சிவந்து புண்ணாகும். புண்ணில் கிருமியும் பூஞ்சையும் சேரும். பேனைவிடப் புண்ணால் சாகும் மீன்கள் அதிகம்.

பாதிப் பேன் மீனில் இல்லை

"பக்கத்து வீட்டுல வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்து இருக்கு. கொஞ்சம் ஊத்தினா பேன் செத்துடும்" என்றான் கணவன்.

"எத்தனை லிட்டர் தண்ணிக்கு எவ்வளவு ஊத்தணும்?"

"அது யாருக்குத் தெரியும்? ஒரு மூடி ஊத்தலாம்."

"வேணாங்க. அளவு தெரியாம ஊத்தினா மீனும் சாகும். கையில பட்டா நமக்கும் கேடு."

அவள் சொன்னது சரி. இன்னொரு காரணமும் உண்டு. பெண் பேன் மீனில் முட்டை இடுவதில்லை. மீனை விட்டு இறங்கிப் போகும். சுவர், கல், செடி என்று கெட்டியான இடம் தேடி வரிசையாக முட்டை ஒட்டும். முட்டைகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். தண்ணீரில் கலக்கும் மருந்து முட்டையை எளிதில் கொல்லாது. இரண்டு மூன்று வாரத்தில் முட்டை பொரியும். புதுப் பேன் மீனைத் தேடி வரும். எனவே மீனுக்கு மட்டும் வைத்தியம் செய்தால் போதாது. தொட்டிக்கும் செய்ய வேண்டும்.

செய்ய வேண்டியவை

1. மீனை ஈரத் துணியில் மெதுவாகப் பிடிக்க வேண்டும். சாமணத்தால் பேனை எடுக்க வேண்டும். எடுத்த பேனைச் சாக்கடையில் போடக் கூடாது. நசுக்கிவிட வேண்டும்.

2. ஒரு வாளியில் 10 லிட்டர் தண்ணீர் எடுத்து, 200 கிராம் கல் உப்பைக் கரைக்க வேண்டும். மீனை அதில் 5 நிமிடம் விட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத சிறு பேன்களின் பிடி தளரும். மீன் சாய்ந்தால் உடனே எடுத்துவிட வேண்டும்.

3. மீனைச் சுத்தமான வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும். பழைய தொட்டியை வடித்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, ஒரு வாரம் வெயிலில் காய விட வேண்டும். காய்ந்தால் முட்டை சாகும். வலையையும் காய வைக்க வேண்டும்.

4. வாரம் ஒரு முறை மீனைப் பார்க்க வேண்டும். நான்கு வாரம் பேன் தெரியாவிட்டால் கவலை இல்லை.

கணக்குத் தெரிந்தால் மீன் பிழைக்கும்

மீன்வளத் துறை அலுவலரைக் கேட்டாள் அவள். அவர் ஒரு சீட்டில் எழுதித் தந்தார்: 'பொட்டாசியம் பெர்மாங்கனேட், 1000 லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம்.'

புதுத் தொட்டியில் எத்தனை லிட்டர் தண்ணீர்? அவள் அளந்தாள். நீளம் 100 செ.மீ. அகலம் 50 செ.மீ. தண்ணீரின் உயரம் 40 செ.மீ.

100 × 50 × 40 = 2,00,000
2,00,000 ÷ 1000 = 200 லிட்டர்

அப்படியானால் மருந்து 0.4 கிராம். அரை கிராமுக்கும் குறைவு! கடைத் தராசில் எப்படி நிறுப்பது? அதற்கும் வழி உண்டு. 5 கிராம் பொட்டலத்தை 5 லிட்டர் தண்ணீரில் கரைத்தாள். இப்போது 1 லிட்டரில் 1 கிராம் இருக்கிறது. அதில் 400 மில்லி அளந்து தொட்டியில் ஊற்றினாள். மீதியைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்தாள்.

தண்ணீர் ஊதா நிறமானது. பழுப்பாக மாறினால் மருந்தின் வேலை முடிந்தது என்று பொருள். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் உடனே தண்ணீர் மாற்ற வேண்டும். அளவு கூடினால் இந்த மருந்தே செவுளை எரித்துவிடும். இதைப் பார்மலினுடன் ஒருபோதும் கலக்கக் கூடாது.

"சீட்டைப் படிச்சே, கணக்கும் போட்டே. நான் ஒரு மூடி ஊத்தியிருப்பேன்" என்றான் கணவன்.

வராமல் காப்போம்

பேன் தானாக வருவதில்லை. புது மீனோடும், குளத்துச் செடியோடும் வரும். புது மீனை மூன்று வாரமாவது தனித் தொட்டியில் வைக்க வேண்டும். அந்தத் தொட்டிக்குத் தனி வலை வேண்டும். பேன் வந்த தொட்டியின் தண்ணீரைக் குளத்தில், ஏரியில் விடக் கூடாது. அங்குள்ள மீன்களுக்கும் பேன் பரவும்.

கணக்குப் போடுங்கள்

1. ஒரு தொட்டியின் நீளம் 200 செ.மீ. அகலம் 100 செ.மீ. தண்ணீரின் உயரம் 50 செ.மீ. எத்தனை லிட்டர் தண்ணீர்? எத்தனை கிராம் மருந்து?

2. 5 லிட்டர் வாளிக்கு எத்தனை கிராம் உப்பு?

பேசுங்கள்

மீனில் இருந்த பேனை எல்லாம் எடுத்த பிறகும் தொட்டியை ஏன் காய விட வேண்டும்?