பதின்மூன்று எப்போது ஐம்பதானது?

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் யாருக்காவது பிஎச்.டி.க்கோ சபாட்டிகலுக்கோ விடுப்புக் கிடைத்துவிட்டால், கண்டியில் அந்த வீட்டு வாசலுக்கு வாழ்த்துக்கு முன்பே புத்திமதி வந்து சேர்ந்துவிடும். "சின்னவனைக் கூட்டிட்டுப் போங்க, ஆறு மாசத்துல வெள்ளைக்காரன் மாதிரிக் கதைப்பான். பெரியவளுக்கு இனி ஒட்டாது. பதின்மூணு தாண்டினா நாக்கு முத்திரும். பாட்டியோட விட்டுட்டுப் போங்க, டியூஷனும் கெடாது." கட்டுக்கலைப் பிள்ளையார் கோயில் வாசலில் இதைக் கேட்டிருக்கிறேன். குட்ஷெட் பஸ் நிலையத்தில் கேட்டிருக்கிறேன். அலுமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கும் விரிவுரையாளர் வீட்டிலும் கேட்டிருக்கிறேன், அங்கேதான் கோபம் கூடுதலாக வந்தது. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று பழமொழி வேறு. பதின்மூன்று எப்போது ஐயா ஐம்பதானது?

ஆங்கிலம் கற்பித்தே காலம் கழித்தவள் நான். இந்த நாக்கு முற்றும் கதையைப் போல வீடுகளைப் பிரித்த பொய் வேறு எதையும் நான் கண்டதில்லை.

கதைக்கு ஒரு மூலம் இருக்கிறது. 1967இல் எரிக் லெனபெர்க் என்ற அறிஞர் மொழியின் உயிரியல் அடிப்படை பற்றி ஒரு நூல் எழுதினார். பருவமடையும் வயதோடு மொழி தானாகப் பதியும் காலம் முடிகிறது என்பது அவர் வாதம். அவருடைய சான்றுகளில் பெரும்பகுதி முதல் மொழியையும், மூளையில் காயம்பட்டு மீளும் பிள்ளைகளையும் பற்றியது. கோயில் வாசலுக்கு வந்து சேர்வதற்குள் அது "பெரிய பிள்ளைக்கு இங்கிலிஷ் வராது" என்று சுருங்கிவிட்டது.

பதினோரு வருடம் கழித்து, 1978இல், கத்தரின் ஸ்னோவும் மரியன் ஹூஃப்நாகெல்-ஹோலேயும் இதைச் சோதித்துப் பார்த்து எழுதினார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டவர்கள் நம் பேராதனைக் குடும்பங்களைப் போன்றவர்களே: நெதர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்த ஆங்கிலம் பேசும் குடும்பங்கள். மூன்று வயதுக் குழந்தை முதல் வளர்ந்தவர்கள் வரை எல்லோரையும் ஒரு வருட காலம் இடைவெளி விட்டு விட்டுச் சோதித்தார்கள். முதல் மாதங்களில் டச்சு மொழியில் வேகமாக முன்னேறியவர்கள் 12 முதல் 15 வயதுப் பிள்ளைகளும் வளர்ந்தவர்களும். வருட முடிவில் முன்னணியில் நின்றவர்கள் 8 முதல் 10 வயதுக்காரரும் அதே 12 முதல் 15 வயதுக்காரரும். கடைசியில் நின்றவர்கள் யார்? "பச்சைத் தண்ணி மாதிரிக் குடிச்சிருவான்" என்று நாம் நம்பும் மூன்று முதல் ஐந்து வயதுச் சின்னஞ்சிறுசுகள்.

போதாதா? 2018இல் ஹார்ட்ஷோர்ன், டெனன்பாம், பிங்கர் என்ற மூவர் இணையவழியாக ஏறத்தாழ 670,000 பேரின் ஆங்கில இலக்கண அறிவைச் சோதித்து வெளியிட்டார்கள். இலக்கணத்தைப் பிடிக்கும் ஆற்றல் 17 வயதைத் தாண்டும்வரை பெரிதாகக் குறையவில்லை என்பது அவர்கள் முடிவு. உங்கள் மகளுக்குப் பதினான்கு.

சின்னவன் கெட்டிக்காரன் போலத் தெரிவதற்குக் காரணம், அவனிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. ஐந்து வயதுக்காரனுக்குப் பந்து, நிறம், பசி, "மிஸ், டொய்லெட்" போதும். அவன் அக்காளிடம் வரலாற்று ஆசிரியை பக்கக் கணக்கில் எழுதச் சொல்வாள். அவள் தடுமாறுவது வேலை பெரிதானதால். அவளுக்குக் கையில் ஒரு முதலும் உண்டு. ஒளித்தொகுப்பு என்றால் என்னவென்று தமிழில் படித்துவிட்டுப் போகிறாள், அங்கே பெயரை மட்டும் மாற்றிக்கொள்கிறாள். தம்பி பெயரையும் பொருளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

சின்னவன் ஜெயிக்கும் ஓரிடம் உச்சரிப்பு. அதை மறுக்கவில்லை. ஆனால் உச்சரிப்புக்காக எந்தப் பரீட்சையிலும் ஒரு பாடம் கிடையாது.

நம் ஊரிலேயே சாட்சி உண்டு. 1660இல் கொட்டியாரப் பக்கம் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்துக்குள் கொண்டுவரப்பட்ட ரொபர்ட் நொக்ஸுக்கு அப்போது வயது பதினெட்டோ பத்தொன்பதோ. தப்பிப் போன 1679 வரை, தொப்பி பின்னி விற்றும் நெல் கடன் கொடுத்தும் இங்கேயே பிழைத்தார். சிங்களம் தெரியாமல் அவர் குடியிருந்த உடுநுவரையில் யாரிடம் கடனை வசூலிப்பது? கைதியாக வந்தவருக்கே பத்தொன்பதில் வளைந்த நாக்கு, விமான டிக்கெட்டோடு போகும் பிள்ளைக்குப் பதினான்கில் வளையாதாம்.

இத்தனைக்குப் பிறகும், எல்லாம் மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அது எதிர்ப்பக்கத்துப் பொய். கனடாவில் ஜிம் கமின்ஸ் குடிபெயர்ந்த மாணவர்களின் தரவுகளைப் பார்த்து 1981இல் சொன்ன கணக்கு இது: அன்றாடப் பேச்சுக்கு ஏறத்தாழ இரண்டு வருடம், பாடப்புத்தக மொழியில் சக மாணவரை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடம். மான்செஸ்டரில் பத்தாம் வகுப்பில் உட்காரும் ஒரு கண்டிப் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். இலையின் குறுக்குவெட்டுப் படத்தில் எல்லாப் பாகத்தையும் சரியாகக் குறித்துவிடுவாள். அதற்குக் கீழே "ஏன் என்று விளக்குக" என்று ஆறு புள்ளிக்கு ஒரு கேள்வி. ஒரு வரி எழுதி, அடித்து, மறுபடி எழுதி நிறுத்திவிடுவாள். விஞ்ஞானம் தெரியாமல் அல்ல. "அதனால்", "ஆகையால்", "இருப்பினும்" என்று கோத்துப் போகும் நடை இன்னும் கைக்கு வரவில்லை. முதல் சில மாதம் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகளும் உண்டு. காது வேலை செய்துகொண்டிருக்கும் காலம் அது, "ஊமையாகிட்டாளே" என்று ஊருக்குப் போன் போட்டு அழ வேண்டாம்.

சரி, பாட்டியோடு விட்டுப் போனால்? ஒன்றும் கெடாது என்று நினைக்கிற நாடு இது. 2013இல் வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டபோதுகூட, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால்தான் தடை என்றிருந்தது. ஆறு வயதில் அம்மா தேவை தீர்ந்துவிடுகிறது போலும். பதினான்கு வயதுப் பெண் தன் முதல் பெரிய அவமானத்தையும் முதல் பெரிய சந்தேகத்தையும் எடுத்துக்கொண்டு எங்கே போவாள்? இரவு எட்டரைக்கு வீடியோவில் "சாப்பிட்டியா" என்று கேட்கும் முகத்திடம் அதையெல்லாம் சொல்ல முடியாது. பாட்டிக்கோ பிரஷர் ஏறிவிடும்.

கவனிக்க வேண்டியது காலண்டரை. பத்தாம், பதினோராம் தரங்கள் இரண்டும் சேர்ந்தே சாதாரண தரப் பரீட்சைக்கான காலம். நடுவில் பிய்த்துக்கொண்டு போனால் கஷ்டம்தான். எட்டாம் தரத்தில் போய்ப் பத்தாம் தரத் தொடக்கத்தில் திரும்பும் பிள்ளைக்கு அந்தக் கஷ்டம் குறைவு. ஜப்பானுக்கு அந்நாட்டு அரசின் மொன்புஷோ புலமைப்பரிசிலில் போகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: அங்கே கட்டாயக் கல்வி ஒன்பது வருடம், அதுவரை அரச பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளைக்கும் கட்டணமில்லாமல் இடம் கிடைக்கும். அதற்கு மேல் உயர்நிலைப் பள்ளிக்கு நுழைவுப் பரீட்சை, அதுவும் ஜப்பானிய மொழியில். பதினைந்தை ஒட்டிய பிள்ளையென்றால் பயண மாதத்தைப் பார்த்து முடிவெடுங்கள். இங்கிலாந்தில் 2024 ஜனவரிக்குப் பிறகு சாதாரண முதுகலைப் படிப்புக்குப் போகிறவர் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாது, ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் போகிறவரால் முடியும். அவுஸ்திரேலியாவில் மாணவர் விசாக்காரரின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. இவற்றை விசாரிக்க யாருக்கும் நேரமில்லை, நாக்கைப் பற்றிக் கதைக்க மட்டும் நேரம் இருக்கிறது.

மற்ற புரளிகள் சின்னவை. "இரண்டு வகுப்புக் குறைச்சுப் போடுவாங்க": இங்கிலாந்திலும் ஜப்பானிலும் பொதுவாக வயதைப் பார்த்துத்தான் வகுப்பு. "குளிர் ஒத்துக்காது": நுவரெலியாவில் மாமா வீட்டில் விடுமுறை கழிக்கும் பிள்ளைக்கா? "ஊர் சிநேகிதிகளை மறக்காம இருந்தாத் தாங்கிக்குவா": கண்டியில் இரவு ஒன்பதுக்கு டியூஷன் முடிந்து வாட்ஸ்அப் குழு கலகலக்கும்போது ஜப்பானில் மணி பன்னிரண்டரை. அடுத்த நாள் வகுப்பில் தூங்கும் பிள்ளைக்குப் புதுச் சிநேகிதி எப்படிக் கிடைப்பாள்? சனி ஞாயிறு போதும். "திரும்பி வந்தா எல்லாம் பழையபடி": வராது. போன இடத்தில் பழகுவதைப் போலவே திரும்பிய இடத்திலும் ஒரு சரிவு உண்டு என்று கல்லஹோர்ன் தம்பதியர் 1963இலேயே எழுதிவிட்டார்கள். ஒரு தவணையாவது விட்டுப் பிடியுங்கள்.

இன்னொன்றை மட்டும் சின்னது என்று தள்ள மாட்டேன்: "போனதும் வீட்டிலயும் இங்கிலிஷ்லயே கதைங்க." தாயும் தகப்பனும் தங்கள் அரைகுறை ஆங்கிலத்தைப் பிள்ளைக்கு ஊட்டி, தங்கள் முழுத் தமிழை மூடி வைக்கும் இந்த ஏற்பாட்டால் யாருக்கு லாபம்? நீங்கள் பொண்ட் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள், திரும்பியே ஆக வேண்டும். இங்கே உயர்தரத்துக்குப் போகத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடத்தில் சித்தி, அதில் மூன்று திறமைச் சித்தி வேண்டும். இரண்டு வருடம் தமிழில் ஒரு பக்கம் எழுதாத பிள்ளை, வீட்டில் சளசளவென்று தமிழ் கதைத்தாலும், கட்டுரை வினாவில் உட்கார்ந்துவிடும். ஒருங்கமை சமன்பாட்டை நொடியில் தீர்ப்பாள், வினாத்தாளில் அந்தத் தமிழ்ப் பெயரைப் பார்த்து விழிப்பாள். நாக்கைப் பற்றிப் பயந்தவர்கள் கையைப் பற்றிப் பயந்திருக்க வேண்டும்.

பெட்டியில் மாசிக்கும் மிளகாய்த்தூளுக்கும் அப்பளத்துக்கும் கிலோ கணக்குப் பார்க்கிறோம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தமிழ், கணித, விஞ்ஞானப் பாடநூல்களுக்கு எடையே இல்லை, அவர்களுடைய இணையத்தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. அடுத்த இரண்டு தரங்களுக்கும் இறக்கிக்கொள்ளுங்கள். அங்கே வகுப்பில் ஆங்கிலத்தில் படித்த பாடத்தை அன்றிரவு தமிழில் அரைப்பக்கம் எழுதட்டும், கலைச்சொல் பாடநூலில் உள்ளபடியே வரட்டும். எழுதியதைப் படம் பிடித்துக் கண்டிக்கு அனுப்பட்டும். திருத்துவது பாட்டியின் வேலை. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியையாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ல, ள, ழ தெரிந்தால் போதும், தொடங்கலாம். விடுப்புக் கடிதம் கைக்கு வந்த கிழமையே ஆரம்பித்தால், பயண நாளுக்குள் பிள்ளைக்குப் பழகியிருக்கும். பள்ளியில் பெயரை வெட்டுவதற்கு முன், திரும்பும்போது இடம் கிடைக்குமா என்று அதிபரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி அதே கோப்பில் போட்டு வையுங்கள்.