மருந்து என்ற பெயரில் மது

கர்ப்பிணியிடம் யாரும் மதுவை மது என்று சொல்லி நீட்டுவதில்லை. ரத்தம் ஊற ஒயின், உடல் சூட்டுக்குக் கள், சளிக்கு ஒரு மூடி பிராந்தி என்று மருந்தாகத்தான் வருகிறது. கொடுப்பவர்கள் பெரும்பாலும் அக்கறையுள்ள பெரியவர்கள் என்பதால் மறுக்கவும் சங்கடம்.

நம்பிக்கை: பீர், ஒயின், கள் எல்லாம் சாராயம் மாதிரி இல்லை.

உண்மை: எல்லாவற்றிலும் போதை தருவது எத்தனால்தான். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மி.லி. குடித்தால், 30 மி.லி. விஸ்கி நான்கு குடித்ததற்குச் சமம். கள்ளோ, இறக்கிய பிறகும் புளித்துக்கொண்டே போகும். ரத்தசோகைக்குத் தேவை இரும்புச்சத்து. அந்த மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஒயினின் சிவப்பு ரத்தமாகாது.

நம்பிக்கை: அம்மாவுக்கே போதை ஏறாத அளவு, பிள்ளையை என்ன செய்துவிடும்?

உண்மை: நஞ்சுக்கொடி மதுவை வடிகட்டாது. தாயின் ரத்தத்தில் ஏறியது சற்று நேரத்தில் சிசுவின் ரத்தத்திலும் ஏறும். அதைச் சிதைக்கும் அளவுக்குச் சிசுவின் கல்லீரல் முதிர்ந்திருக்காது. போதாததற்கு, சிறுநீராகப் பனிக்குட நீரில் கலந்ததைச் சிசு மறுபடியும் விழுங்குகிறது. பிரான்சின் நாந்த் நகரில் டாக்டர் பால் லெமுவான் 1968-லேயே மதுவால் சிசுவுக்கு வரும் பாதிப்பை எழுதினார். அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1973-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் டாக்டர்கள் கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் எழுதிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. சிறுத்த கண்கள், மெலிந்த மேலுதடு, குன்றிய வளர்ச்சி ஆகியவை அவர்கள் கண்ட அடையாளங்கள். ஆனால் பாதிக்கப்பட்ட பல குழந்தைகளின் முகத்தில் எதுவும் தெரியாது. நினைவாற்றலும் கவனமும் தடுமாறுவது பள்ளிக்கூடத்தில்தான் தெரியவரும். அங்கே 'மக்கு', 'அடங்காதது' என்று பட்டம் கிடைக்கும்.

நம்பிக்கை: மூன்று மாதம் தாண்டிவிட்டால் பயமில்லை.

உண்மை: முகம் உருவாவது தொடக்க வாரங்களில். மூளையோ பிரசவம்வரை வளர்கிறது.

நம்பிக்கை: ஒரு காலத்தில் டாக்டர்களே கொடுத்தார்களே!

உண்மை: கொடுத்தார்கள்தான். 1960, 70-களில் குறைப்பிரசவத்தைத் தடுக்க எத்தனாலை நரம்பில் ஏற்றினார்கள். பிறகு கைவிட்டார்கள். அந்தப் பாதியை யாரும் சொல்வதில்லை.

'இவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை' என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இதுவரை உறுதியாகவில்லை. ஆயுர்வேத அரிஷ்டங்களிலும் நொதித்துத் தானே உண்டாகும் ஆல்கஹால் உண்டு; டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். கர்ப்பம் என்று தெரியாமல் குடித்திருந்தால் பதற வேண்டாம், இன்றே நிறுத்துங்கள். தினமும் குடிக்கும் பழக்கம் இருந்தால் மட்டும் டாக்டரின் மேற்பார்வையில் நிறுத்துங்கள். திடீரென்று விடுவதும் ஆபத்து. பரிசோதனைக்குப் போகும்போது செவிலியரிடமாவது மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.