ஜீப்பின் ஸ்டியரிங் வேலைக்கு எந்தப் பட்டறை?

கேள்வி: பழைய மகிந்திரா எம்.எம். 540 ஜீப்பை மலைப்பாதைக்காக உயர்த்திப் பெரிய டயர் போட்டபின், வேகமெடுத்தால் ஸ்டியரிங் உதறுகிறது. யாரிடம் கொடுப்பது?
– வாசகர், அவிநாசி

பதில்: திருப்பூரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பின்னலாடை இயந்திரத்துக்குப் புஷ் கடையும் கை வேறு, முன் ஆக்ஸிலைப் பிரித்துச் சேர்க்கும் கை வேறு. லாரித் தொழிலில் ஊறிய சங்ககிரி, நாமக்கல் பக்கம் ஆக்ஸில் வேலையில் பழுத்த மெக்கானிக்குகளைத் தேடலாம். ஜீப் வேலை தெரிந்தவர்களுக்குக் கோவையில் விசாரிப்பது நல்லது.

வண்டியை உயர்த்தினால் டிராக் லிங்க் அதிகம் சாயும். காஸ்டர் கோணமும் மாறலாம். கூடவே கிங்பின் பேரிங்கோ டை ராட் முனையோ தேய்ந்திருந்தால், பெரிய டயர் அந்த உதறலைப் பல மடங்காக்கும்.

நல்ல பட்டறையை அடையாளம் காண்பது எளிது. விலை சொல்லும் முன் ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் அசைப்பார். இன்னொருவர் வண்டிக்கடியில் படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கைவைத்து ‘பிளே’ பார்ப்பார். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுவார்.

வளைந்த டை ராடை வெல்டிங் வைத்து ஒப்பேற்றலாம் என்றால், அங்கே வண்டியை விடவே கூடாது. அது உயிர் விஷயம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, வண்டியின் அமைப்பை இஷ்டம்போல் மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. வேலைக்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுவிடுங்கள். வேலை முடிந்ததும் அலைன்மென்ட் அளவுகளைத் தாளில் வாங்கிக்கொள்ளுங்கள்.